மத்தளம்பாறையில் ஐடி கம்பெனி நடப்பது எப்படி? ஸோஹோவின் வணிகக் கணக்கும் நெல்லைச் சீமையின் வாய்ப்பும்

2025 செப்டம்பர் கடைசியில், ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனியின் செய்திச் செயலியான அரட்டை திடீரென்று ஊர் முழுக்கப் பேச்சானது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த செயலியில், மூன்றே நாளில் தினம் 3.5 லட்சம் பேர் சேரும் நிலை வந்துவிட்டது என்று ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பதிவிட்டார். மத்திய அமைச்சர்கள் சிலர் ஸோஹோ மென்பொருள்களுக்கு மாறினார்கள். சில நாள் கழித்து, மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ தளத்துக்குப் போய்விட்ட செய்தியும் வந்தது.

அதிலிருந்து திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. செயலி இலவசம், விளம்பரமும் கிடையாது, அப்படியென்றால் கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இவ்வளவு பெரிய கம்பெனியின் ஷேர் ஏன் சந்தையில் கிடைப்பதில்லை? தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறைக் கிராமத்துக்கு ஸோஹோ வந்த மாதிரி மற்ற ஐடி கம்பெனிகள் ஏன் வரவில்லை?

மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியமானது. ஆனால் முதல் இரண்டும் புரியாமல் அதற்கு விடை கிடைக்காது. "வேம்புவுக்கு ஊர்ப்பற்று, மற்றவர்களுக்கு அது இல்லை" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். ஊர்ப்பற்று உண்மைதான். ஆனால் பற்றை மட்டும் வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் கிராமத்தில் ஒரு அலுவலகத்தை வளர்க்க முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது.

நேரத்தை விற்பதும் பொருளை விற்பதும்

ஐடி கம்பெனி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேறு தொழில்கள் இருக்கின்றன.

1. சேவை நிறுவனம். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ போன்றவை பெரும்பாலும் இந்த வகை. வெளிநாட்டு வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ தனக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கும். இத்தனை பேர், இத்தனை மாதம், ஆளுக்கு மணிக்கு இவ்வளவு என்று பில் போடப்படும். பில்லின் வடிவம் இப்போது பலவிதமாக மாறியிருந்தாலும், விற்பது அடிப்படையில் ஆட்களின் நேரத்தைத்தான்.

2. பொருள் நிறுவனம். யாரும் கேட்பதற்கு முன்பே சொந்தச் செலவில் ஒரு மென்பொருளை எழுதி முடித்து, அதையே பல ஆயிரம் பேருக்கு விற்பது. ஸோஹோ இந்த வகை.

பத்தமடையில் ஒரு பட்டுப்பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது பாய் வேண்டுமென்றால் மறுபடியும் அதே வாரங்கள், அதே கோரை, அதே கைகள். சேவை நிறுவனத்தின் வருமானமும் அப்படித்தான்: இரண்டு மடங்கு வருமானத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆள் வேண்டும். பொருள் நிறுவனத்திலோ முதல் பாயை நெய்து முடிப்பதுதான் பாடு. அதற்குப் பிறகு ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் லட்சம் பேருக்குக் கொடுத்தாலும் கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முதல் பாயை யாரும் வாங்கவில்லை என்றால் போட்ட உழைப்பு மொத்தமும் நஷ்டம். சேவை நிறுவனத்துக்கு இந்த ஆபத்து கிடையாது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் வேலையே தொடங்கும். இந்தியாவில் சேவை நிறுவனங்கள் இவ்வளவு பெருகியதற்கும், பொருள் நிறுவனங்கள் கைவிட்டு எண்ணும் அளவில் இருப்பதற்கும் முதல் காரணம் இதுதான்.

ஒரு டிக்கெட்டின் பயணம்

தென்காசியில் உருவாகி வளர்ந்த ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் ஒரு நாற்காலி விற்கும் கம்பெனி இருக்கிறது என்று வையுங்கள். வாங்கியவர் ஒருவர் "சக்கரம் கழன்றுவிட்டது" என்று மெயில் போடுகிறார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். மூன்றாவது ஆள் போனில் கத்துகிறார். இந்த மூன்றும் மூன்று இடத்தில் கிடந்தால் யாருக்குப் பதில் போனது, யாருக்குப் போகவில்லை என்றே தெரியாது. ஸோஹோ டெஸ்க் மூன்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கும். அதன் பெயர்தான் டிக்கெட். டிக்கெட் ஒரு ஊழியரின் பெயரில் விழும், நேரக்கெடு ஓட ஆரம்பிக்கும், கெடு தாண்டினால் மேலாளருக்குத் தகவல் போகும். அதே ஆள் ஆறு மாதம் முன்பு என்ன புகார் சொன்னார் என்பதும் பக்கத்திலேயே தெரியும்.

அந்தக் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் சொல்ல 20 ஊழியர்கள் இருந்தால் 20 பேருக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டும். ஐம்பது பேரானால் ஐம்பது சந்தா. தொழில்முறையில் இதை 'சீட் கணக்கு' என்பார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏஐ பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

ஸோஹோவிடம் இப்படி ஒன்றல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. விற்பனைக்கு சிஆர்எம், கணக்கு வழக்குக்கு புக்ஸ், ஆட்கள் நிர்வாகத்துக்கு பீப்பிள், அப்புறம் மெயில். 2017-ல் ஏறத்தாழ எல்லாவற்றையும் சேர்த்து 'ஸோஹோ ஒன்' என்று ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். ஊழியர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்பதே அன்றைய விலை. போட்டியாளர்கள் ஒரே ஒரு மென்பொருளுக்கே அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஏன் இவ்வளவு மலிவு? சந்தா வியாபாரத்தில் லாபத்தைத் தீர்மானிக்கும் விஷயங்கள் மூன்று.

1. புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு. விளம்பரம், விற்பனை ஆட்கள் எல்லாம் இதில் சேரும். பல மென்பொருள் கம்பெனிகளில் மிகப் பெரிய செலவு இதுதான், மென்பொருள் எழுதுவதைவிட.

2. ஏற்கெனவே இருப்பவர் இன்னொரு மென்பொருளையும் எடுத்துக்கொள்வது. இதற்கு முதலாவதைப் போலச் செலவு கிடையாது.

3. விட்டுப் போகிறவர்களின் விகிதம். மெயிலும் கணக்கும் விற்பனையும் ஒரே இடத்தில் இருக்கும் கம்பெனி சுலபத்தில் வேறு இடத்துக்கு மாறாது. மாறினால் எல்லாத் தகவலையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மலிவான கட்டு இந்த மூன்றையும் ஒரே அடியில் சரிசெய்கிறது. இதோடு, ஸோஹோ தன் மென்பொருள்களை அமேசான் போன்றவர்களின் கிளவுடில் வாடகைக்கு ஓட்டாமல் சொந்த டேட்டா சென்டர்களில் ஓட்டுகிறது. இந்தியாவில் அவை மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. பெருகப் பெருக வாடகை ஏறும் சிக்கல் அதனால் குறைகிறது.

ஆக முதல் கேள்விக்கு விடை: காசு கொடுப்பது நாம் அல்ல, கம்பெனிகள். அதிலும் பெரும்பகுதி வெளிநாட்டுக் கம்பெனிகள். 2022-23 நிதியாண்டில் ஸோஹோவின் வருமானம் சுமார் 8,700 கோடி ரூபாய், நிகர லாபம் 2,800 கோடிக்கு மேல். அரட்டை இந்த லாபத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டி. வாட்ஸ்அப்பை அது பிடிக்குமா என்பது வேறு கதை. செய்திச் செயலியில் நம் சொந்தபந்தம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாமும் இருப்போம். செயலியின் தரம் அதற்கு அப்புறம்தான். இந்தியாவில் மட்டும் 50 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். பரபரப்பு எழுந்த நேரத்தில் அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லை என்ற நியாயமான குறையும் பேசப்பட்டது. எப்படியானாலும், ஸோஹோவின் எதிர்காலத்தை அரட்டையின் டவுன்லோடு எண்ணிக்கையை வைத்து எடை போடுவது தப்பு.

வெளிப்பணம் வாங்காததன் அர்த்தம்

ஷேர் கேள்விக்கு வருவோம். பொதுவாக ஒரு தொழில்நுட்பக் கம்பெனி தொடங்கும்போது வென்ச்சர் கேபிடல் நிறுவனங்களிடம், அதாவது துணிகர முதலீட்டாளர்களிடம், பணம் வாங்கும். அவர்களும் சொந்தப் பணத்தைப் போடுவதில்லை. ஓய்வூதிய நிதி, பெரும் பணக்காரர்கள் என்று மற்றவர்களிடம் திரட்டிப் போடுகிறார்கள். வழக்கமாகப் பத்து வருடத்துக்குள் அதைப் பெருக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டே வழி: கம்பெனியை இன்னொருவருக்கு விற்பது, அல்லது ஷேர் சந்தையில் பட்டியலிடுவது. பணம் வாங்கிய நாளிலேயே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

ஸோஹோ அப்படிப் பணம் வாங்கவில்லை, அதனால் ஷேர் சந்தைக்குப் போகும் கட்டாயமும் இல்லை. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி இது. 2009-ல்தான் ஸோஹோ என்று பெயர் மாறியது. ஆரம்பத்தில் டெலிகாம் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்றார்கள். 2000-01-ல் அமெரிக்காவில் இன்டர்நெட் குமிழி வெடித்தபோது வாடிக்கையாளர்கள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போனார்கள். வெளி முதலீட்டாளர் இருந்திருந்தால் கடையைச் சாத்தச் சொல்லியிருப்பார் அல்லது விற்கச் சொல்லியிருப்பார். இங்கே கையிருப்பு இருந்தது, அவசரப்படுத்த ஆள் இல்லை. அந்த இடைவெளியில் கம்பெனிகளின் ஐடி துறைகளுக்கான மேனேஜ்என்ஜின் என்ற மென்பொருள் வரிசை உருவானது. 2005-ல் ஸோஹோ ரைட்டரும் சிஆர்எம்மும் வந்தன.

இதன் பக்கத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸை வைத்துப் பாருங்கள். ஸோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. வெளி முதலீடு வாங்கி வேகமாக வளர்ந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் ஷேர் சந்தையில் 36 டாலர் விலையில் பட்டியலானது. ஊழியர்கள் பலர் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அது சின்ன விஷயமல்ல. ஆனால் பிற்பாடு ஷேர் விலை அந்த 36-க்கு ரொம்பக் கீழே இறங்கியது. 2024 நவம்பரில் கம்பெனி சுமார் 660 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே நேரத்தில் 40 கோடி டாலருக்குத் தன் ஷேர்களைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனி அப்படித்தான் செய்யும்.

எது சரியான வழி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஸோஹோ ஊழியருக்கு ஷேர் வழியாக வரும் அந்தத் திடீர்ச் செல்வம் கிடைக்காது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் சுதந்திரம் பெரியது. 70 கோடி டாலர் சிப் தயாரிப்புத் திட்டம் பற்றிப் பெரிதாகப் பேசிவிட்டு, தொழில்நுட்பப் பாதையில் நம்பிக்கை வரவில்லை என்று 2025 மே மாதம் நிறுத்திவைக்கவும் அதனால்தான் முடிந்தது.

மத்தளம்பாறை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

இப்போது மூன்றாவது கேள்வி. தென்காசிப் பக்கம் ஸோஹோ 2011 வாக்கில் சிறிய அளவில் தொடங்கியது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். மலையடிவாரத்தில் இடம் மலிவு, வாடகை மிச்சம் என்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில் சின்னப் பகுதி. மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு, இரட்டை ஃபைபர் இணைப்பு, சென்னைக்குப் போய்வரும் செலவு என்று சேர்த்தால் வாடகையில் மிச்சமாவதில் நல்ல பகுதி கரைந்துவிடும்.

பெரிய பகுதி ஆட்களின் ஞாபகத்தில் இருக்கிறது.

ஸோஹோ டெஸ்க் மாதிரி ஒரு மென்பொருள் லட்சக்கணக்கான வரி நிரல். எந்த வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். புதிதாக வரும் பொறியாளர் அதைப் புரிந்துகொண்டு பயமில்லாமல் கைவைக்க ஒரு வருடம், சில நேரம் இரண்டு வருடம் ஆகும். ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓஎம்ஆர் சாலையில் சரியாக அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கம்பெனி கூடுதல் சம்பளம் காட்டிக் கூப்பிடும். போனால் சொல்லிக்கொடுத்த இரண்டு வருடமும் போச்சு. பத்துப் பதினைந்து வருடம் ஓட வேண்டிய ஒரு பொருளுக்கு இதுதான் நிஜச் செலவு. எந்தப் பில்லிலும் எழுதப்படாத செலவு. ஆழ்வார்குறிச்சியிலோ கடையத்திலோ வீட்டில் இருந்துகொண்டு, அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் வேலைக்குப் போய்த் திரும்புகிற ஆள் அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டார்.

ஸோஹோவின் பள்ளிகளும் இதே கணக்கில்தான் அடங்கும். 2004-05-ல் ஆறு மாணவர்களோடு தொடங்கிய ஏற்பாடு அது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்து இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். இன்ஜினியரிங் பட்டம் கேட்பதில்லை. கல்லூரிச் செலவுக்காக நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் இது எவ்வளவு பெரிய கதவு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கும் இது லாபம்.

சேவை நிறுவனத்தால் ஏன் இதைச் செய்ய முடியாது? அதன் வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை போன் செய்து, "அடுத்த மாதம் ஜாவா தெரிந்த 200 பேர் வேண்டும்" என்பார். ஆறு மாதம் கழித்து "120 பேர் போதும்" என்பார். இந்த ஏற்ற இறக்கத்துக்கு, வேலை தேடும் ஆட்களும் வேலை மாறும் ஆட்களும் குவிந்து கிடக்கும் பெருநகரம்தான் தோது. மத்தளம்பாறையில் ஒரு மாதத்தில் 200 ஜாவா ஆட்களைத் திரட்ட முடியாது. சேவை நிறுவனங்களுக்கு ஊருக்கு வர மனமில்லை என்று சொல்வதற்கில்லை. அவர்கள் விற்கும் சரக்கே வேறு.

முன்னால் நிற்கும் சிக்கல்கள்

முதலாவதும் பெரியதும் ஏஐ. இரண்டு பக்கமும் வெட்டும்.

சீட் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புரிவதற்காக ஒரு கற்பனை எண்: 50 ஊழியர், தலைக்கு மாதம் 1,000 ரூபாய், வருடம் 6 லட்சம். அந்தக் கம்பெனியின் டிக்கெட்டுகளில் பாதிக்கு ஏஐ பதில் சொல்லிவிட்டால் ஊழியர் 25 பேர் போதும். மென்பொருள் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது, அதனாலேயே வருமானம் 3 லட்சமாகிவிட்டது! மென்பொருள் உலகமே இப்போது தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. சீட்டுக்குப் பதிலாக, தீர்த்துவைத்த டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று விலை வைக்கப் பலர் முயல்கிறார்கள்.

மறுபக்கம் இன்னும் ஆழமானது. ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுக்கக் கூடுதல் செலவில்லை என்பதுதான் பொருள் வியாபாரத்தின் அடித்தளம் என்று பார்த்தோம். ஏஐயில் அது பொய்யாகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் விலையுயர்ந்த ஜிபியு சில்லு ஓட வேண்டும், மின்சாரம் செலவாகும். பயன்பாடு கூடினால் செலவும் கூடும். 2025 ஜூலையில் ஸோஹோ வெளியிட்ட ஸியா என்ற ஏஐ மொழி மாதிரிகள் 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்கள் (மாதிரியின் அளவைக் காட்டும் உள் எண்கள்) கொண்டவை. உலகின் முன்னணி மாதிரிகளோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்: புகார் மெயிலைச் சுருக்கவும் இன்வாய்ஸில் இருந்து தொகையை எடுக்கவும் பெரிய மாதிரி தேவையில்லை, சொந்த டேட்டா சென்டரில் குறைந்த செலவில் ஓட வேண்டும், அவ்வளவுதான். இது ஸோஹோவின் பழைய புத்தியோடு பொருந்துகிற முடிவு, எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் மென்பொருளையே ஏஐ எழுதித் தள்ளும்போது, ஐம்பது மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிக்கு எத்தனை புதுப் பொறியாளர் தேவைப்படுவார்கள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தென்காசிப் பிள்ளைகளை நேராகத் தொடுவது இந்தக் கேள்விதான்.

இரண்டாவது, அரசு வாடிக்கையாளர். 12 லட்சம் மின்னஞ்சல் பெரிய கௌரவம், பெரிய பொறுப்பும்கூட. சுதேசி என்ற அலையில் வரும் வியாபாரம் அரசியல் காற்று மாறினால் என்ன ஆகும் என்பதையும், ஒரு நாட்டு அரசோடு நெருக்கமாகத் தெரிவதை வெளிநாட்டு வாடிக்கையாளர் எப்படிப் பார்ப்பார் என்பதையும் கம்பெனி யோசித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, தலைமை. 2025 ஜனவரியில் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு முதன்மை விஞ்ஞானி ஆனார். சைலேஷ் குமார் டேவி அந்த இடத்துக்கு வந்தார். கிராமத்தில் இருந்தே செய்வோம் என்ற பிடிவாதம் ஒரு மனிதரைத் தாண்டியும் நிற்குமா என்பது இனிமேல்தான் தெரியும். கேரளாவின் கொட்டாரக்கராவில் 2025-ல் திறந்த ஆய்வு மையம் நல்ல அறிகுறி.

கங்கைகொண்டானும் மத்தளம்பாறையும்

நெல்லைச் சீமையில் இரண்டு மாதிரிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கங்கைகொண்டானில் நாலுவழிச் சாலையை ஒட்டி தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 500 ஏக்கரில் ஐடி சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்தது. சின்டெல் என்ற ஐடி சேவைக் கம்பெனி அங்கே வளாகம் கட்டியது. அந்தக் கம்பெனி பின்னர் அட்டோஸ் குழுமத்துக்குப் போனது. ஆனால் மண்டலம் எதிர்பார்த்த வேகத்தில் நிரம்பவில்லை. சேவை நிறுவனத்துக்குத் தேவை இடம் மட்டுமே என்று நினைத்துப் போட்ட திட்டம் அது. அதே கங்கைகொண்டானில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. டாடா பவரின் 4.3 கிகாவாட் சோலார் செல், மாட்யூல் ஆலை அவற்றில் பெரியது. ஆலைக்கு நிலமும் மின்சாரமும் தூத்துக்குடித் துறைமுகமும் வேண்டும், அவை இங்கே இருந்தன. எந்தத் தொழிலுக்கு எது வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் மத்தளம்பாறை மாதிரியிலும் ஒரு குறை இருக்கிறது, அதைப் பேசாமல் விடக்கூடாது. ஆட்கள் விட்டுப் போகாதது கம்பெனிக்கு நல்லது. ஊழியருக்கு அது எப்போதும் நல்லதல்ல. பக்கத்தில் இரண்டாவது கம்பெனி இல்லாத இடத்தில் சம்பள உயர்வு கேட்கும் பலம் குறைவு; மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியதுதான். பள்ளியில் சேர்ந்து, பட்டம் இல்லாமல் வேலைக்கு வந்தவருக்கு வெளியே போவது இன்னும் கடினம், ஏனென்றால் மற்ற கம்பெனிகள் பட்டத்தைத்தான் முதலில் கேட்கின்றன.

ஆகவே நமக்கு வேண்டியது இன்னொரு ஸோஹோ என்று நான் நினைக்கவில்லை. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் முப்பது, ஐம்பது பேர் கொண்ட பத்துக் கம்பெனிகள் வேண்டும். ஸோஹோவில் பத்து வருடம் பழகி வெளியே வந்து சொந்தமாகத் தொடங்குபவர்கள், சென்னையில் இருந்து ஊர் திரும்ப நினைக்கும் நடுவயதுப் பொறியாளர்கள், வெளிநாட்டுக் கம்பெனிகளின் சிறு கிளைகள் எல்லாம் இதில் சேரலாம். 2024 டிசம்பர் இறுதியில் தூத்துக்குடியில் திறந்த மினி டைடல் பார்க் என்ற சிறு ஐடி பூங்கா போன்ற கட்டடங்கள் இந்த அளவுக் கம்பெனிகளுக்குப் பொருந்தும். 500 ஏக்கர் மண்டலம் பொருந்தாது.

தமிழ்நாடு அரசின் 2024 பட்ஜெட்டில் ஒரு நல்ல யோசனை இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் உலகளாவிய திறன் மையங்களில், மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளுக்கு முதல் வருடம் 30 சதவீதம், அடுத்து 20, அடுத்து 10 என்று சம்பள மானியம். சென்னைக்கு இந்த வரம்பு சரி. திருநெல்வேலியில் வேலைக்குச் சேரும் பொறியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெகு கீழே இருக்கிறார்கள். தென்மாவட்டங்களுக்கு மட்டும் வரம்பை 40,000 ரூபாய்க்கு இறக்கி, திறன் மையங்களோடு சிறிய பொருள் நிறுவனங்களையும் அதில் சேர்த்தால், மத்தளம்பாறைக்குப் பக்கத்தில் இரண்டாவது வாசல் ஒன்று திறக்க வழியுண்டு.